தெல்மா வீட்டில் பதினெட்டு டிகிரி

கிர்க்பர்ன், சவுத்லாண்ட், நியூசிலாந்து
ஏப்ரல் 27

அன்புத் தங்கை மோய்ராவுக்கு,

இங்கே நான் நலம். என் இருமல் என்னைவிட நலம். உன் கடிதமும் கூடவே நீ அனுப்பிய அறையின் படமும் வந்து சேர்ந்தன. மஞ்சள் சுவர், மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே மாமரம். பண்டபர்க்கில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆசை காட்டுகிறாய். போனில் பேசக் கூடாதா என்கிறாய். என் காதுக்கு உன் குரல் எட்ட வேண்டுமானால் நீ கத்த வேண்டும். நீ கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நெட்டாவுக்கும் நம் குடும்ப விஷயம் எட்டிவிடும். கடிதமே நமக்குச் சரி.

போன குளிர்காலத்தில் இரண்டு முறை நிமோனியாவில் படுத்ததை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. "வீடு இப்படியே ஐஸ் பெட்டியா இருந்தா, அடுத்த தடவை உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியுமான்னு எனக்குத் தெரியலை" என்று டாக்டரம்மா சொன்னதை உனக்கு எழுதியது நான்தான். எழுதியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து பெட்டியைக் கட்டு, பெட்டியைக் கட்டு என்று ஒரே பாட்டு பாடுகிறாய்.

சரி, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம். ஜூலை முடிவதற்குள், வீட்டை வாடகைக்குக் கொடுத்த ஊர்க் கவுன்சில் என் வீட்டில் உருப்படியான ஹீட்டர் வைக்கவில்லை என்றால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன், நிரந்தரமாக. வைத்துவிட்டால் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

தைரியமாகத்தான் சொல்கிறேன். இப்போது சட்டம் என் பக்கம். வாடகைக்கு விடும் வீட்டின் நடு அறையில் நிரந்தரமாகப் பொருத்திய ஹீட்டர் இருக்க வேண்டுமாம். எப்பேர்ப்பட்ட குளிரிலும் அது அறையைப் பதினெட்டு டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமாம். கவுன்சிலும் எங்களுக்கு வீட்டுக்காரர்தானே? என் வீட்டில் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். கதவுக்கு மேலே, ரொட்டி அளவில் ஒரு பெட்டி. கடைசி வீட்டு வாட்டி, அதுதான் ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் சொல்கிறார்: "அது மேல இருக்கற சிலந்திக்கு வெச்சது தெல்மா. நமக்குன்னு யாரு சொன்னா?"

கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். அளந்து பார்க்க ஆள் அனுப்புகிறார்களாம். உறைபனியில் பள்ளிப் பேருந்து ஓட்டியே காலம் தள்ளியவள் நான். ஒரு கவுன்சிலுக்கா பயப்படப் போகிறேன்?

உன் அக்கா,
தெல்மா


பண்டபர்க், குவீன்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
மே 8

அக்காவுக்கு,

ஒப்பந்தம் சரி. ஆனால் நீ தோற்கப் போகிறாய் என்று இப்போதே எழுதி வைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லாதே.

ஏன் தெரியுமா? சட்டம் உன் பக்கம் இருக்கலாம், உன் ரத்தம் உன் பக்கம் இல்லை. நாம் அப்பாவின் பிள்ளைகள். "குளிருதா? இன்னொரு ஸ்வெட்டர் போடு" என்பதைத் தவிர வேறு மருத்துவம் அறியாத மனிதர். கணப்பில் விறகு அடுக்கியிருக்கும், பற்றவைக்க மாட்டார். பாதிரியார் வந்தால் மட்டும் பற்றவைப்பார். அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். விறைத்துக்கொண்டே "பரவாயில்லை, போன வருஷத்துக்கு இது தேவலை" என்பீர்கள். அளக்க வருகிற ஆளிடமும் அதையே சொல்லித் தொலைக்காதே. குளிர்கிறது என்று வாயைத் திறந்து சொல்.

அறைக்குத் திரைச்சீலை தைத்துவிட்டேன். கட்டில் உன் உயரத்துக்குச் சரியாக வரும். கெவின் என்னைத் தனியாக விட்டுப் போன பிறகு அந்த அறையை நான் திறந்ததே இல்லை. இப்போது தினமும் காலையில் திறந்து காற்றாட விடுகிறேன். கரும்பு ஆலைக்காரர்கள் கிளப்பில் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "உங்க அக்கா சீட்டாடுவாங்களா?" என்று கேட்டார்கள். "ஆடுவா, ஏமாத்தவும் ஏமாத்துவா" என்றேன். எல்லாருக்கும் உன்னைப் பார்க்க ஆசை.

இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா, இல்லை அதற்கும் ஒரு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

உன் மோய்ரா


கிர்க்பர்ன்
மே 25

அன்புள்ள மோய்ரா,

சிரிக்காமல் படிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் வருவார் என்று கவுன்சில் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. எங்கள் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லி வைத்தேன். எல்லாரும் ஒழுங்காக இருக்க வேண்டும், வீடு சுத்தமாக இருக்க வேண்டும், குடிசைக்குள் வந்துவிட்டோம் என்று அந்த மனிதர் நினைத்துவிடக் கூடாது என்று நானே படித்துப் படித்துச் சொன்னேன். அங்கேதான் கோணல் ஆரம்பம்.

நெட்டா விடியும் முன்பே அடுப்பை மூட்டி, தட்டுத் தட்டாகச் சீஸ் ரோல் சுட்டுத் தள்ளினாள். வாட்டி பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுக்கும் எரிவாயு ஹீட்டரைத் துடைத்துப் பற்றவைத்தார். நானோ தேவாலயத்தில் கேட்டு ஒரு எண்ணெய் ஹீட்டரை இரவல் வாங்கி, பொழுது விடிந்ததிலிருந்து எரியவிட்டு, அடுப்பில் ஸ்கோன் ரொட்டியும் வைத்தேன். விறைத்துக் கிடக்கிற வீட்டுக்குள் ஒரு விருந்தாளியை எப்படி உட்கார வைப்பது? அப்படி உட்கார வைக்கும் எண்ணமே எங்கள் யாருக்கும் வரவில்லை.

வந்தவர் பெயர் ராவிரி. நல்ல மனிதர், சின்னக் குழந்தைகளுக்குத் தகப்பன். உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினார்.

"எப்படி, கதகதப்பா இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"ரொம்ப சொகமா இருக்கு ஆன்ட்டி. வெளியே போகவே மனசு வரலை."

இரண்டாவது ஸ்கோனை எடுத்துக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்த்தார். இருபத்தொன்று. குறித்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் அதே கதைதான். நெட்டா வீட்டில் வியர்த்துவிட்டதாம். வாசலில் நின்று எல்லாரும் கையசைத்து வழியனுப்பினோம். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் வாட்டி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தெல்மா, அவரு எதுக்கு வந்தாரு?"

"அளக்க."

"எதை அளக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

உன் முட்டாள் அக்கா,
தெல்மா


பண்டபர்க்
ஜூன் 4

அக்கா,

சத்தியத்தை மீறிவிட்டேன். அஞ்சல்காரர் என்ன ஏதென்று திரும்பி வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பாதிரியாருக்காக அப்பா கணப்பைப் பற்றவைத்தார் என்று போன கடிதத்தில்தானே எழுதினேன்? படித்தாயா, இல்லை அந்தத் தாளையும் அடுப்பில் போட்டாயா?

சிரிப்பு போதும். கவுன்சில் இனி அசையாது. இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு போன பிறகு எவன் ஹீட்டர் வைப்பான்? ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு விமானச் சீட்டு போட்டுவிட்டேன். உன் பெயரில், ஒரு வழிதான். திரும்பி வருவதற்கு இல்லை.

நெட்டாவிடம் சொல்லி அழாதே. அவளையும் விருந்துக்கு இங்கே அழைத்துக்கொள்ளலாம். வெயிலில் சீஸ் ரோல் சுடட்டும்.

நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன், அக்கா. மறைக்க விரும்பவில்லை.

மோய்ரா


கிர்க்பர்ன்
ஜூன் 20

அன்புள்ள மோய்ரா,

சீட்டு போட்டதற்கு நன்றி. ரத்து செய்ய முடிகிற சீட்டுத்தானே?

கவுன்சில் அலுவலகத்துக்கு நேரில் போனேன். முகப்பில் இருந்த பெண் என் பேருந்தில் வந்த பிள்ளை. ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று தினமும் சண்டை போடுவாள். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அறிக்கையில எல்லா வீடும் கதகதப்பா இருக்குன்னு இருக்கே, மிஸஸ் மெக்கரோ" என்கிறாள்.

"அறிக்கை சரிதான்மா. அன்னிக்கு மட்டும் சரி" என்று நடந்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு நெட்டாவின் பெயரைச் சொன்னதும் நம்பிவிட்டாள். நெட்டாவை ஊருக்கே தெரியும். இன்னொரு முறை அளக்க ஏற்பாடு செய்கிறேன் என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று வரச் சொல் என்றேன். முடியாதாம். குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாதாம். அதுவும் எங்கள் நன்மைக்கான சட்டம்தானாம்.

ஆக, மறுபடியும் எங்களுக்குத் தெரிந்தே வரப் போகிறார். இந்த முறை எங்கள் கை சும்மா இருக்க வேண்டும். எல்லாரையும் என் வீட்டில் உட்கார வைத்துப் பேசினேன். வாட்டி உடனே ஒத்துக்கொண்டார். நெட்டா மல்லுக்கு நின்றாள்.

"விறைக்கிற வீட்டுல, வெறும் மேசையில ஒரு மனுஷனை உட்கார வைக்கணுமா? இதைவிட நான் தெருவுல துணி இல்லாம நிப்பேன்."

"அதுக்கும் குளிரும் நெட்டா" என்றார் வாட்டி.

அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்கும் அதே மாதிரிதான் உள்ளுக்குள் கூசுகிறது.

உன்னிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இருமல் மார்புக்கு இறங்கிவிட்டது. படுக்கையில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு படுக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் உன் மஞ்சள் அறைக்கு வர மனம் ஒப்பவில்லை. உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அங்கே நான் உன் விருந்தாளி. எவ்வளவு நாள் இருந்தாலும் விருந்தாளி. இங்கே நான் வீட்டுக்காரி. உன் அத்தான் அலெக் போன பிறகு இந்தச் சின்ன வீட்டில் நானாக ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டேன். அதைக் குளிரிடம் தோற்றுவிட்டு வர எனக்கு மனமில்லை.

உன் அக்கா,
தெல்மா


கிர்க்பர்ன்
ஜூலை 12

அன்புள்ள மோய்ரா,

நேற்று ராவிரி வந்துபோனார். இரவெல்லாம் உறைபனி. பறவைகளுக்கு வைத்த தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. அளப்பதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

சுவர்ப் பெட்டியை மட்டும் விடியலிலேயே முழு வேகத்தில் போட்டுவிட்டேன். அடுப்பு இல்லை, இரவல் ஹீட்டர் இல்லை, கெட்டில்கூட இல்லை. கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பேசினபோது அவர் வாயிலிருந்து ஆவி வந்தது.

"ஆன்ட்டி, போன தடவை நான் வேற ஊருக்கு வந்துட்டேனா?"

"இல்லப்பா, இதே வீடுதான். உட்காரு."

"ஸ்கோன்?"

"இல்லை."

வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை. அலெக்கைப் புதைத்த அன்றுகூட வந்தவர்களுக்கு ஸ்கோன் கொடுத்தவள் நான். அவர் தெர்மாமீட்டரை மேசை மேல் வைத்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார் பாவம். வெகுநேரம் காத்திருந்தும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. நாற்காலி மேல் ஏறி மேற்கூரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அங்கே இருபது.

"சிலந்திக்கு நல்லா இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தார். "தினமும் இப்படித்தான் இருக்கீங்களா?"

"தினமும் இப்படித்தான். போன தடவை உனக்காகப் பண்ணினது."

"எங்க பெரியம்மாவும் இப்படித்தான் ஆன்ட்டி. வர்றவங்களுக்கு மட்டும்தான் ஹீட்டரைப் போடுவாங்க. நாங்க போறப்பல்லாம் வீடு கதகதன்னு இருக்கும். அவங்களுக்கு நெஞ்சுல சளி ஏன் போகவே மாட்டேங்குதுன்னு எங்களுக்குப் புரியவே இல்லை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

புரிந்தபோது அந்தப் பெரியம்மா இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை.

கோபித்துக்கொண்டு போன நெட்டா கடைசியில் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், அதைக் காப்பாற்றவும் செய்தாள். தன் வீட்டில் அவரை வெறும் மேசைக்கு எதிரே உட்கார வைத்து, அளந்து முடிக்கும் வரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாளாம். ஆனால் அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் எங்கிருந்தோ ஒரு பெரிய சீஸ் ரோல் பொட்டலத்தோடு ஓடிப்போய் ஜன்னல் வழியாக உள்ளே திணித்தாள். முந்தின நாளே வாட்டி வீட்டு அடுப்பில் சுட்டு வைத்திருக்கிறாள். அளந்து முடிந்தாகிவிட்டதே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி கட்டவில்லை. கட்டப் போவதும் இல்லை.

தெல்மா


கிர்க்பர்ன்
ஜூலை 30

அன்புள்ள மோய்ரா,

ஜெயித்துவிட்டேன்.

ராவிரியின் அறிக்கை இந்த முறை சொல்ல வேண்டியதைச் சொன்னது. கூடவே வாட்டியின் அண்ணன் மகள், உள்ளூர்ப் பத்திரிகையில் இருப்பவள், கவுன்சில் வாசலில் போய் நின்றாள். அதன் பிறகு அவர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. நேற்று முன்தினம் எங்கள் வரிசை முழுவதற்கும் ஹீட் பம்ப் என்கிற புது ஹீட்டர் பொருத்தியாயிற்று. என் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். வெள்ளைப் பெட்டி, சத்தமே இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் பதினெட்டு. தட்டிக்கொண்டே இருந்தால் இருபத்திரண்டுகூட வருமாம். எங்களுக்கு அந்தப் பேராசை இல்லை.

பொருத்தின அன்று எல்லாரையும் கூப்பிட்டேன். சிப்பி வறுத்தோம். வாட்டி செருப்பில்லாமல் தரையில் நடந்து காட்டினார். நெட்டா ஸ்வெட்டரைக் கழற்றினாள். அவளுக்குக் கைகள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது என்றார் வாட்டி. அவர் முதுகில் ஒரு அறை விழுந்தது.

கட்டணத்தை நினைத்துப் பயப்படாதே, நான் தண்டமாக ஓடவிடுகிற ஆள் இல்லை. யாராவது வந்தால் போடுகிறேன், போனதும் அணைத்துவிடுகிறேன். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் கதகதப்பு?

சீட்டை ரத்து செய்துவிடு. உனக்கு வருத்தம் இருக்கும், தெரியும். வெயில் காலத்தில் ஒரு நடை வந்து உன் மாமரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

வெற்றி பெற்ற உன் அக்கா,
தெல்மா


கிர்க்பர்ன்
ஆகஸ்ட் 22

மோய்ரா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அஞ்சல்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். வாட்டி கேலி செய்கிறார்.

கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன். நீ பேசாமல் இருந்தால்தான் என்னால் முடியவில்லை.

அக்கா


பண்டபர்க்
ஆகஸ்ட் 31

என் அக்காவுக்கு,

கோபம்தான். உன் மேல் இல்லை, என் மேல்.

உன் இருபத்தொரு டிகிரிக் கதையைப் படித்து நான் ஏன் அப்படிச் சிரித்தேன் தெரியுமா? நீ தோற்றுவிட்டாய் என்ற சந்தோஷம். இருமல் மார்புக்கு இறங்கிவிட்டது என்று எழுதினாய். அதைப் படித்தபோது முதலில் பயந்தேன். அடுத்த நொடியே, இனி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நீ வரவேண்டும் என்பதற்காக உனக்குக் குளிரட்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன், அக்கா. நீ ஜெயித்த கடிதம் வந்த அன்று அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணமே இல்லை. உன் உடம்பைச் சாக்காக வைத்துக்கொண்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அழுது முடித்து உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன். மறுபடியும் மறுபடியும் படித்தேன். அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் கதகதப்பு" என்று எழுதியிருக்கிறாய்.

நெட்டா போன பிறகு அந்த வீட்டில் நீ இருக்கிறாயே. நீ ஆள் இல்லையா?

இவ்வளவு போராடி, ஊரையே திரட்டி, அழுகிற நெட்டாவையும் அடக்கி உட்கார வைத்து ஹீட் பம்ப் வாங்கினாய். வாங்கி, அதையும் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நீ தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாய். கவுன்சில் தன் கடமையைச் செய்துவிட்டது, சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. பொத்தானைத் தட்டச் சட்டம் வராது.

அதனால் நான் வருகிறேன். சீட்டை ரத்து செய்யவில்லை, மாற்றிவிட்டேன். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், என் பெயரில். குளிர் முடிவதற்குள் வந்துவிடுவேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். நெட்டாவிடமும் சொல்ல மாட்டேன், அவள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

கதவைத் தட்ட மாட்டேன், நீ பூட்டுகிற வழக்கமும் இல்லை. நேராக உள்ளே வருவேன். வீடு விறைத்துக் கிடந்தால் அன்றே உன்னைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவேன், நீ எவ்வளவு சண்டை போட்டாலும் சரி. நீ தனியாக உட்கார்ந்திருக்கும்போது வீடு கதகதப்பாக இருந்தால், உன்னோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு நான் தனியாகத் திரும்பிப் போகிறேன். அதன் பிறகு வா என்று உன்னை ஒருநாளும் கூப்பிட மாட்டேன்.

நீயே ஜெயிக்க வேண்டும் என்றுதான் இந்த முறை எனக்கு ஆசை.

உன் தங்கை,
மோய்ரா